இடது பக்கத்துப் பிரேக்

என் அப்பா ஓபெத் மாம்பா மன்சினி நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சின்ன வெள்ளைக் கார். கூரைமேல் சிவப்பு எழுத்துப் பலகை. வலது பக்கம் மாணவர், இடது பக்கம் அப்பா. அவர் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது.

அவர் அதிகம் பேசமாட்டார். வகுப்பிலும் அப்படித்தான். மாணவர் தப்புச் செய்தால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். கார் நிற்கும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன தப்பு என்று மாணவரே கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் காலை எடுப்பார். சந்தையில் கீரை விற்கும் பெண்கள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றார்கள். ஒரு பாதிரியார் பதற்றத்தில் அந்த வருடம் செய்த பாவங்கள் இரண்டைச் சொல்லிப் பார்த்தாராம். அப்பா காலை எடுக்கவில்லை. பாதிரியார் கண்ணாடி பார்க்காமல் திரும்பியிருந்தார்.

அப்பாவிடம் படித்தவர்களை எங்கள் ஊரில் இப்போதும் அடையாளம் காணலாம். சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் ஒரு மூச்சு நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்தப் பிரேக்கை வலது பக்கத்துப் பெடலோடு இணைக்கும் இரும்புக் கம்பி நான் செய்தது. நான் நீர்மின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை கம்பியின் தளர்வை நான்தான் சரிசெய்வேன். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். முடித்ததும் மிதித்துப் பார்த்து "ம்" என்பார்.

வருடத்தில் ஒரு வார இறுதியில் மட்டும் வகுப்பு கிடையாது. குளிர் விடுகிற சமயத்தில், சம்பளம் வந்த சனிக்கிழமையாகப் பார்த்து, இரண்டு நண்பர்களோடு அதே காரில் மபுட்டோ போவார். எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை. எல்லை தாண்டினால் இருக்கிறது. டயர் கடை வைத்திருக்கும் மஸியா சித்தப்பா ஓட்டுவார். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்ற லுகெலே சித்தப்பா பின்னால் உட்கார்ந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருவார். அப்பா தன் இடது இருக்கையில். மஸியாவும் அப்பாவிடம் படித்தவர்தான். மூன்றாவது தேர்வில் தேறியவர். அதனால் போக வர வழியெல்லாம் அப்பாவின் கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். "உங்கப்பன் வாயால திட்டமாட்டான், காலால திட்டுவான்" என்று மஸியா வருடம்தோறும் எங்கள் வீட்டில் வந்து புகார் சொல்வார். அப்பா பைநிறைய முந்திரிப் பருப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

கடலில் அவர் குளித்ததில்லை. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நிற்பார். பிறகு மீன் சந்தை. இறாலை அங்கே வாங்கி, பின்னால் வரிசையாக இருக்கும் கடைகளில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். அப்பா தலையைத்தான் முதலில் உறிஞ்சுவார்.

போன வருடம் அந்தக் கடைகளில் ஒன்றின் மேசையில்தான் அவர் இறந்தார்.

மஸியாவும் லுகெலேயும் கால்பந்து பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா சுவரில் சாய்ந்து பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. லுகெலே எழுந்து தட்டை எடுத்தபோதுதான் தெரிந்தது.

உடலைக் கொண்டுவர வண்டி அமர்த்தினோம். காகிதங்கள், முத்திரைகள், இரண்டு நாட்டு வாசல்கள். நண்பர்கள் இருவரும் அங்கே போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா எல்லையின் இந்தப் பக்கம் வண்டிக்காகக் காத்திருந்தார். இறந்தவரை அழைத்து வரும் கிளையை நண்பர்கள் எடுத்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார். பெரியப்பா எடுத்திருப்பார் என்று இவர்கள் நினைத்தார்கள். அப்பாவைப் புதைத்தோம். கிளை யார் கையிலும் இருக்கவில்லை.

வெளியிடத்தில் இறந்தவரை அங்கே போய் அழைத்து வர வேண்டும். இலந்தை இனத்து முள்மரத்தின் கிளை ஒன்றை எடுத்துப்போய், அவர் இறந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கிளையில் வருவார். கிளையைப் பிடித்தவர் வீட்டில் அதை வைக்கும்வரை பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. கூட வருகிறவர்கள் வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வண்டியில் ஏறுகிறோம், பாலம் வருகிறது, இறங்குகிறோம். சொல்லாமல் விட்டால் அவர் விட்ட இடத்திலேயே நின்றுவிடுவார்.

கனவு முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது. அப்பா கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏறுவதும் இல்லை, மூடுவதும் இல்லை. பல இரவுகள் அதே கனவு. அம்மா தூக்கத்தை விட்டாள், பிறகு சாப்பாட்டை விட்டாள். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியவள் எல்லை தாண்டக் கூடாது. பெரியப்பாவுக்கு முழங்கால் மடங்காது. என் அக்காமார் மூவரும் கல்யாணமாகி வேறு குலத்துக்குப் போய்விட்டவர்கள். நாங்கள் நாலு பேரும் பெண்கள். என் பெயர் செபெனெலே. 'இனிப் போதும்' என்று பொருள். கல்யாணமாகாததால் நான் இன்னும் மாம்பாதான். கிளை என்னிடம் வந்தது.

எனக்கு நம்பிக்கை உண்டா என்று பெரியப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா சாப்பிட வேண்டும். அது மட்டும் தெரியும்.

அதே காரில் போவதென்று மஸியா சொன்னார். அதே சனிக்கிழமை, அதே விடுதி, ஞாயிறு மதியம் அதே மேசை. நேராகப் போய்க் கூப்பிட்டுவிட்டு அன்றே திரும்பலாமே என்றேன்.

"அவசரமா போய் நின்னா, வீட்டுல என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துடுவான்" என்றார் மஸியா. "வழக்கம்போல போவோம், பாப்பா. வழக்கம்போல கூட்டிட்டு வருவோம்."

பெரியப்பா விடியலில் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் இருந்த மரத்தில் கிளை வெட்டிக் கொடுத்தார். அதில் முட்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று நேராக நீளும், மற்றது பின்னோக்கி வளையும். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும் என்றார். ஆடு கட்டியிருந்தது. உறவுகள் எல்லோரும் வருவார்கள்.

யார் எங்கே உட்காருவது என்று ஒரு பேச்சு வந்தது. நான் பின்னால் உட்காரட்டும், முன்னிருக்கை திரும்பி வரும்போது மாம்பாவுக்கு வேண்டும் என்றார் லுகெலே.

"கிளை எங்கேயோ அவன் அங்கே" என்றார் மஸியா. "சின்னதுல இவ அவன் மடியில உக்காந்துதானே ஊரைச் சுத்துவா? இப்ப அவன் இவ மடியில வரட்டும்."

நான் இடது இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் வைத்திருந்த இடத்திலிருந்து இருக்கையை நகர்த்தவில்லை. பெடல் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்தேன். எட்டியது.

போகும்போது இருவரும் ஓயாமல் பேசினார்கள். கரும்புத் தோட்டங்கள் முடிந்து மலையேறும் இடத்தில், ஒரு வருடம் மஸியா லாரியை முந்தப் போக, அப்பா பிரேக்கை மிதித்ததைச் சொன்னார்கள். மஸியா பத்துத் தப்பு சொல்லியும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து லுகெலே எடுத்துக்கொடுத்திருக்கிறார். அப்பா கையை உயர்த்தி லுகெலேயின் வாயை அடைத்துவிட்டார். ஓட்டுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

"அப்புறம் என்ன சொன்னீங்க?" என்றேன்.

"கோவத்துல ஓட்டினேன்னு சொன்னேன். அதுதான் உண்மை. காலை எடுத்துட்டான்." மஸியா கியரை மாற்றினார். "மனுஷனுக்கு எப்படித்தான் தெரியுமோ."

அன்று மாலை கடற்கரையில் அவர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் ஷூவைக் கழற்றினேன். தண்ணீர் நான் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அப்பா அதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிறு மதியம் மீன் சந்தைக்குப் போனோம். கடைக்காரப் பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். கிளையைப் பார்த்ததும் அந்த மேசையில் இருந்தவர்களை வேறு மேசைக்கு மாற்றினாள். மூன்று தட்டு போதுமா என்று அவள் கேட்க, நாலு என்றார் லுகெலே. சாப்பிட்டோம். நாலாவது தட்டில் மஸியா தலைகளை மட்டும் எடுத்து வைத்தார். பிறகு நான் எழுந்து அந்தச் சுவரோரம் கிளையை வைத்துக் கூப்பிட்டேன்.

"அப்பா, நான் செபெனெலே. வீட்டுக்குப் போறோம். வாங்க."

அதன்பின் நான் பேசக்கூடாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. அவர் போனதிலிருந்து பெரும்பாலும் அப்படித்தான் இருந்தேன்.

இனிப் பேச்செல்லாம் அவர்களுடையது. லுகெலே ஒழுங்காகச் செய்தார். "மாம்பா, படி இருக்கு, பாத்து." "மாம்பா, வண்டி கிளம்புது." "மாம்பா, ரவுண்டானா." ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். ரவுண்டானாவை எல்லாம் சொல்ல வேண்டுமா என்று மஸியா கேட்டார். மாம்பா கற்றுக்கொடுத்த ரவுண்டானாவை மாம்பாவுக்கே சொல்லாமல் விட முடியுமா என்றார் லுகெலே. அப்படியே கேலியும் பேச்சுமாக நகரத்தைத் தாண்டினோம். ஒரு வருடமாக அந்தக் காரில் இல்லாத சத்தம். என் மடியில் கிளை இருந்தது. முட்கள் பாவாடை வழியாகக் குத்தின. நான் அசைக்கவில்லை.

புறநகரில், சாலையோரம் முந்திரி விற்கிற இடத்தில் மஸியா காரை ஓரம் கட்டினார். வருடம்தோறும் அங்கேதான் வாங்குவார்கள். ஒரே ஒரு பெண், ஒரு குடை, ஒரு ஸ்டூல், தகரத் தட்டில் பருப்பு. மஸியா கதவைத் திறந்து இறங்கினார். பழக்கதோஷத்தில், குனிந்து என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"மாம்பா, எறங்குய்யா. காலை நீட்டு. உம் பொண்டாட்டிக்கு முந்திரி வாங்க வேணாமா?"

லுகெலேயும் இறங்கினார். நான் கிளையோடு உள்ளேயே இருந்தேன். மஸியா பேரம் பேசினார். அப்பா பேரம் பேசமாட்டார், ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்குவார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அதற்குள் பின்னால் ஒரு பஸ் வந்து நெருக்கிக்கொண்டு நின்றது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். இருவரும் பருப்புப் பையோடு ஓடிவந்து ஏறினார்கள். கார் கிளம்பியது. அந்தப் பெண் என்னவோ கத்தினாள். சில்லறை வாங்கவில்லை போலிருக்கிறது என்றார் மஸியா. போகட்டும் என்றார் லுகெலே.

எனக்கு உடனே உறைக்கவில்லை. ஆற்றுப் பாலம் வந்தது. லுகெலே தொப்பியைக் கழற்றினார்.

"மாம்பா, பாலம் வருது. தண்ணியைத் தாண்டறோம்."

அப்போதுதான் உறைத்தது. அவரை இறங்கச் சொன்னார்கள். ஏறச் சொல்லவில்லை.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம். ஒரு வால்வைத் திறந்தால், மூடியதைக் கண்ணால் பார்க்கும்வரை அது திறந்திருப்பதாகவே கொள்வேன். கிளை என் மடியில்தான் இருக்கிறது, அவர் அதில்தான் இருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். பெயர் சொல்லி இறங்கு என்றால் அவர் இறங்குவார். அதுவும் அந்த இடத்தில். அம்மாவின் கனவில் கதவு திறந்தே இருந்தது.

வாயைத் திறக்க முடியாது. கை காட்டலாமென்றால், பின்னால் திரும்ப முடியாது. முன்னால் மலை தெரிந்தது. மலைமேல் எல்லை. வெயில் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

நான் பிரேக்கை மிதித்தேன்.

பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஆனால் பிடித்தது. பாலத்துக்குச் சற்று முன்னால் கார் நின்றது. முந்திரிப் பை சிதறியது. லுகெலேயின் கையிலிருந்து பாஸ்போர்ட்டுகள் முன்னிருக்கைக்குப் பறந்து வந்தன. பின்னால் ஹாரன்.

"மாம்பா" என்றார் மஸியா. பிறகு என் காலைப் பார்த்தார். "பாப்பா, என்னம்மா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என்ஜின் உறுமியது. நான் காலை எடுக்கவில்லை. அவர் கைகள் ஸ்டியரிங்கில் மாணவனுடையவைபோல இரண்டு பக்கமும் ஏறி நின்றன.

"கண்ணாடி பாத்தேன்" என்றார். "வேகமும் போகல. இண்டிகேட்டர்... ஓரத்துலேருந்து எடுக்கறப்ப போடல. சரி, அது தப்பு."

காலை எடுக்கவில்லை.

"போலீஸ்காரனை மனசுக்குள்ள திட்டினேன்." கொஞ்சம் காத்திருந்தார். "கால்பந்து பேசிட்டிருந்தோம், அவன் போனதைக்கூடப் பாக்கல. அதையா சொல்றே? அதை நான் தினம் சொல்லிட்டுதான் இருக்கேன், பாப்பா."

என் கண் நிறைந்துவிட்டது. அது இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. காலை மட்டும் வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து லுகெலே மூச்சை இழுத்தார். "மஸியா, அந்த முந்திரிக் கடையில..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். யாரும் கையை உயர்த்தவில்லை. தானாகவே நிறுத்தினார்.

மஸியா தரையில் கிடந்த பருப்புகளைப் பார்த்தார்.

"எறங்கச் சொன்னேன்" என்றார். "ஏறச் சொல்லல."

நான் காலை எடுத்தேன்.

திரும்பிப் போவதா என்பதில் லுகெலேக்குச் சந்தேகம். கிளை வெட்டியபின் பின்வாங்கலாமா, பொழுது சாய்ந்துவிட்டால் என்ன செய்வது, பெரியப்பா என்ன சொல்வார். மஸியா ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் பாக்கத்தான் கூடாது. திரும்பிப் போகக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

முந்திரிக்காரி எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அவள் மொழி எங்களுக்குப் பாதி புரியும். கோபம் முழுக்கப் புரிந்தது.

"கெளையோட வந்தீங்க. ஆளை எறக்கிவிட்டீங்க. ஏத்தாம போனா என்ன அர்த்தம்? தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தரும் நிக்கல."

குடைக்கு வெளியே வெயிலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நிழலில் அவளுடைய ஸ்டூல் காலியாக இருந்தது. துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

மஸியா அதன் முன்னால் போய் நின்றார். டயர் விற்கிற மனிதர், பெரிய தொந்தி. குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"மாம்பா, தப்பு என்னோடதுய்யா. மறுபடியும் உன்னை விட்டுட்டுப் பேசிட்டே போயிட்டேன். கோச்சுக்காதே. உம் பொண்ணு வண்டியில இருக்கா. எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

என் பக்கத்துக் கதவைத் திறந்து சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மூடினார். லுகெலே மூக்கைச் சிந்தினார். அந்தப் பெண் சன்னல் வழியாக ஒரு கை நிறையப் பருப்பு நீட்டினாள். பொறுக்கியெடுத்தவை. உடையாதவை. நன்றி சொல்ல முடியாததால் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் யாரும் கேலி பேசவில்லை. பாலத்தை மஸியாவே சொன்னார். மலையை லுகெலே சொன்னார். எல்லையில் எங்கள் நாட்டு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து என் பெயரைக் கேட்டார். நான் பேசவில்லை. லுகெலே சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கிளையைப் பார்த்துவிட்டார். முத்திரை குத்திக் கொடுத்தார். "யாரு?" என்று மஸியாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஓபெத் மாம்பா. மன்சினியில வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தாரு."

"தெரியும்" என்றார் அதிகாரி. "என்கிட்ட காலை எடுக்கவே மாட்டாரு."

கரும்புத் தோட்டங்களில் வெளிச்சம் தாழ்ந்திருந்தது. வீட்டு வாசலில் திரும்பியபோது சூரியன் மலைமேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஆண்கள் பட்டியருகே எழுந்து நின்றார்கள். யாரும் என்னை வரவேற்கவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும். அம்மா கறுப்பு உடையில் சுவரோரம் பாயில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, காரின் கதவைப் பார்த்தாள். நான் இறங்கினேன். "மாம்பா, வீடு வந்துடுச்சு, எறங்கு" என்றார் மஸியா. பிறகு கதவை மூடினார். அது மூடிய சத்தத்துக்கு அம்மா தலையை அசைத்தாள்.

புல் வேய்ந்த மூத்தோர் குடிசைக்குள் குனிந்து போனேன். பின்சுவரோரம் கிளையை வைத்தேன். பக்கத்தில் அந்தப் பருப்பையும் வைத்தேன். வெளியே பெரியப்பா பேசத் தொடங்கியிருந்தார், ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இனி நான் பேசலாம். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கடல் தண்ணீரைப் பற்றிக்கூட.

"பிரேக் கம்பி தளர்ந்துபோச்சு, அப்பா" என்றேன். "நாளைக்குப் பாக்கறேன்."